வட்டமாகத் தெரிவதெல்லாம் வட்டமில்லை: கடலுயிர் கேள்வி-பதில்

சொறிமுட்டைக்கு ஆரைச் சமச்சீர் என்று படித்தோம். அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? (மாணவி, உப்புவெளி)

முடியும். நடுவைச் சுற்றி ஒத்த கூறுகள் அமைந்திருப்பதுதான் ஆரைச் சமச்சீர். நிலா ஜெலி என்ற சொறிமுட்டை இனம் கரையில் ஒதுங்கினால் குனிந்து பாருங்கள். கண்ணாடி போன்ற உடலின் நடுவில் குதிரைலாடம் மாதிரி நான்கு வளையங்கள் தெரியும். அவை இனப்பெருக்க உறுப்புகள். உடலே நான்கு ஒத்த கூறுகளாக அமைந்திருக்கிறது. தொட வேண்டாம், தங்கச்சி. செத்த பிறகும் கொட்டும்.

பாறையில் ஒட்டியிருக்கும் கடலனிமனியும் அப்படித்தானே? புறாமலைத் தீவில் பூப்போல வட்டமாகத்தான் கண்டேன். (நிலாவெளி வாசகர்)

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. அடுத்த முறை தள்ளி நின்று அதன் வாயைக் கவனியுங்கள். வாய் வட்டமில்லை, சட்டைப் பொத்தான் துளைபோல நீண்ட பிளவு. பல இனங்களில் அந்தப் பிளவின் ஒரு முனையிலோ இரு முனையிலோ பிசிர்கள் (நுண்ணிய மயிர் போன்றவை) நிறைந்த வாய்க்கால் ஒன்று உண்டு. தண்ணீர் அதன் வழியே உள்ளே போகும். உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்களும் இந்தப் பிளவை ஒட்டியே சோடி சோடியாக அமைந்திருக்கின்றன. அதனால் நினைத்த பக்கமெல்லாம் வெட்டினால் ஒத்த பாதிகள் வராது, ஒன்றிரண்டு திசைகளில் வெட்டினால்தான் வரும்.

இன்னொன்று. நெமற்றோஸ்டெல்லா என்ற சிறிய அனிமனியில், பூச்சிகளிலும் நம்மிலும் முதுகு-வயிறு வேறுபாட்டை அமைக்க உதவும் பரம்பரையலகு (ஜீன்) ஒன்று வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் இயங்குவதை 2004இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படியென்றால் இருபக்கச் சமச்சீர், அதாவது இடமும் வலமும் ஒத்திருக்கும் அமைப்பு, நமக்கும் அனிமனிக்கும் பொதுவான மூதாதையிடமே இருந்ததா, இல்லை இரண்டு முறை தனித்தனியாக வந்ததா? விவாதம் இன்னும் நடக்கிறது. என் மனம் முதலாவதின் பக்கம்.

அனிமனிக்குக் கிட்டிய சொந்தம் சொறிமுட்டைதானா?

இல்லை, முருகைக்கல். சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் குந்தியிருக்கும் குட்டி அனிமனி என்றே அதை நினைக்கலாம். இரண்டுமே நீந்தித் திரியும் குடை வடிவத்தை எடுப்பதில்லை. சொறிமுட்டை அதே நிடாரியாக் கணத்தின் (கொட்டும் கலங்கள் உள்ள உயிர்களின் பெரும் பிரிவு) மற்றக் கிளை. புறாமலையில் முருகைக்கல்லில் கால் வைக்கிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அது கல் இல்லை, உயிர்.

அப்போ உடுமீன்? அதுவும் ஆரைச் சமச்சீர்தானே?

வளர்ந்த பிறகுதான். குடம்பியாக (இளம் பருவத்தில்) இருக்கும்போது அதற்கு இடம் வலம் உண்டு. சொறிமுட்டையை விட அது நமக்குத்தான் கிட்டிய சொந்தம்.

வலையில் வானவில் நிறம் மின்னும் ஜெலி வருகிறது, கொட்டுவதில்லை. அது என்ன?

சீப்பு ஜெலியாக இருக்கும். எட்டு வரிசைப் பிசிர்த் தட்டுகள் அசைய, வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறி நிறமாகிறது. பார்க்கச் சொறிமுட்டை மாதிரி, ஆனால் வேறு கணம்.