வாசகர் கேள்வி: பக்கத்து விண்மீன் மண்டலத்தில் என்ன தேடுகிறார்கள்?

கேள்வி: ஐயா, நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நீடிக்கும் ரேடியோ வெடிப்புகள் பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து வருகின்றன என்று படித்தேன். அப்படியிருக்க, விஞ்ஞானிகள் நமக்கு அருகிலுள்ள விண்மீன் மண்டலங்களை (கேலக்ஸிகளை) ஏன் குடைகிறார்கள்? அவற்றில் எதையாவது எங்கள் ஊரிலிருந்து பார்க்க முடியுமா?
– கல்லூரி மாணவர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, இரவில் பாம்பன் பாலத்திலிருந்து கடலைப் பார்த்திருப்பீர்கள். தொலைவில் பெரிய விசைப்படகின் விளக்கு மட்டும் புள்ளியாகத் தெரியும். கரையோரம் கிடக்கும் வல்லத்தில் சின்ன விளக்கு எரிந்தாலும் போதும், அது யாருடைய வல்லம் என்றே சொல்லிவிடலாம். பக்கத்து மண்டலங்களைத் தேடுவதும் இதற்காகத்தான்.

2001-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பதிவாகி, 2007-ல் பழைய பதிவுகளை அலசியபோது கிடைத்தது முதல் வெடிப்பு. 2017-ல் வேறொரு வெடிப்பின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்தார்கள்: 300 கோடி ஒளியாண்டு தொலைவில் ஒரு குட்டி மண்டலம். அத்தனை தொலைவில் தனி விண்மீன் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

2020 ஏப்ரல் 28-ல் நம் பால்வழியிலேயே ஒரு மேக்னட்டார் இப்படி வெடித்தது. மேக்னட்டார் என்பது கடும் காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன், அதாவது மிக இறுகிச் சுருங்கிய விண்மீன். பெருவிண்மீன் வெடித்துச் சாகும்போது அது பிறக்கிறது. பெருவிண்மீனின் ஆயுள் குறைவு; மேக்னட்டாரின் வீரியமும் வெகு சீக்கிரம் அடங்கிவிடும். ஆகவே புது விண்மீன்கள் பிறக்கும் இடத்தில்தான் இந்த வெடிப்புகள் இருக்கும் என்று பலரும் எண்ணினார்கள்.

அந்த எண்ணத்தை அசைத்தது எம்81 என்ற பக்கத்து விண்மீன் மண்டலம். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவுதான். அங்கிருந்து வந்த வெடிப்புகளை முதலில் பிடித்தது கனடாவின் சைம் தொலைநோக்கி. பிறகு ஐரோப்பியக் குழுவினர் பல ஆண்டெனாக்களை இணைத்து, அவை வந்த இடத்தைக் குறித்து 2022-ல் வெளியிட்டார்கள். அது ஒரு கோள விண்மீன் கொத்து! பல நூறு கோடி ஆண்டு வயதான விண்மீன்களின் கூட்டம். பெருவிண்மீன்கள் அங்கே எப்போதோ செத்து முடிந்தன. பிறகு மேக்னட்டார் எங்கிருந்து வந்தது? ஒரு வெண்குள்ளன் (சூரியன் போன்ற விண்மீன் செத்தபின் எஞ்சும் கரு) நொறுங்கியிருக்கலாம், அல்லது இரண்டு செத்த விண்மீன்கள் மோதி ஒன்றாகியிருக்கலாம். இந்தத் துறையில் என்னை மிகவும் உலுக்கிய கண்டுபிடிப்பு இதுதான். அந்த வெடிப்புகள் மிக மெலிந்தவை. 300 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்திருந்தால் எந்த ஆண்டெனாவும் உணர்ந்திருக்காது, புதிரும் பிறந்திருக்காது. அதனால்தான் பக்கத்து மண்டலங்கள் மேல் மணிக்கணக்காக ஆண்டெனாவைத் திருப்பி வைத்துக் காத்திருப்பது வீண் வேலை அல்ல என்கிறேன்.

எம்81-ஐ நீங்களே பார்க்கலாம். ஏப்ரல் தொடக்கத்தில், நிலவில்லாத இரவில், ஒன்பது மணி வாக்கில், பாக் விரிகுடாவைப் பார்த்த உங்கள் ஊர் வடக்குக் கரைக்குப் போங்கள். சப்தரிஷி விண்மீன்களின் நாற்கரத்தில், வால் ஒட்டும் மூலைக்கு அடுத்த மேல் மூலை பெக்டா. அதற்கு எதிர் மூலை டூபே. பெக்டாவிலிருந்து டூபே வழியாக ஒரு கோடு இழுத்து, அதே நீளம் மேலும் போனால் எம்81. தொடுவானத்துக்கு மேல் 30 பாகைதான் ஏறும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, நல்ல பைனாகுலர் வேண்டும், விளக்கு வெளிச்சம் படாத இடமும் வேண்டும்.