பழைய ஊரும் புதிய உயரமும்: வாசகர் கேள்வி பதில்

பழைமையான நகரங்களின் நடுவே வானுயரக் கட்டடங்கள் எழுவதைப் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில் ஆறினை எடுத்துக்கொண்டு, இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கே: பழைய தேவாலயத்தையோ கோட்டையையோ யாரும் தொடக்கூட இல்லை. சற்றுத் தள்ளி, வேறொருவருக்குச் சொந்தமான காலி மனையில் நாற்பது மாடி எழும்புகிறது. இதில் பழைமைக்கு என்ன கேடு வந்துவிட்டது?

ப: ஒரு கல்கூடப் பெயரவில்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய கட்டடம் தன் சுவர்களோடு முடிந்துவிடுவதில்லை. அது எந்தத் தெருவின் முடிவில் நிற்க வேண்டும், ஆற்றைக் கடந்து வருகிறவர் கண்ணில் முதலில் எது பட வேண்டும் என்பதையெல்லாம் எண்ணித்தான் அன்றைக்கு இடத்தைத் தேர்ந்தார்கள். அந்தப் பார்வையும் அவர்கள் கட்டியதில் ஒரு பகுதிதான்.

ஜெர்மனியின் கொலோன் பெருந்தேவாலயம் 157 மீட்டர் உயரம் கொண்டது. 2004இல் அதனை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. தேவாலயத்தில் விரிசல் எதுவும் விழுந்துவிடவில்லை. ரைன் ஆற்றின் எதிர்க்கரையில் திட்டமிடப்பட்ட உயரக் கட்டடங்கள்தான் காரணம். நகர நிர்வாகம் அத்திட்டத்தைத் திருத்திய பிறகு, 2006இல் அந்த எச்சரிக்கை நீங்கியது.

லண்டன் இந்தப் பாடத்தை முன்பே கற்ற ஊர். 1930களில் செயின்ட் பால் தேவாலயத்தின் கவிமாடத்தை அலுவலகக் கட்டடங்கள் மறைக்கத் தொடங்கியபோது, தேவாலயக் கட்டடப் பொறுப்பாளராக இருந்த காட்ஃப்ரே ஆலன், சுற்றியுள்ள ஒவ்வொரு மனைக்கும் எவ்வளவு உயரம் தகும் என்று கட்டம் கட்டமாகக் கணக்கிட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கு இன்றுவரை பின்பற்றப்படுகிறது. நகரின் மேற்கே ரிச்மண்ட் பூங்காவில் ஒரு மண்மேடு இருக்கிறது. அங்குள்ள செடிவேலியில் வெட்டி வைத்திருக்கும் சிறு இடைவெளி வழியே பார்த்தால், மரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 16 கிலோமீட்டருக்கு அப்பால் அந்தக் கவிமாடம் தனியே தெரியும். அந்த ஒரு துளைப் பார்வையையும் நகரத் திட்ட விதிகள் காக்கின்றன. அப்படியிருந்தும் 2016இல், கவிமாடத்துக்குப் பல கிலோமீட்டர் பின்னால் ஸ்ட்ராட்ஃபோர்டு பகுதியில் எழுந்த ஓர் உயரக் கட்டடம் அதன் பின்னே வந்து நின்றுவிட்டது. விதி அவ்வளவு தொலைவை எண்ணிப் பார்க்கவில்லை. கட்டடம் மேலே வந்த பிறகுதான் பலருக்கும் தெரிந்தது. உங்கள் கேள்வியில் 'சற்றுத் தள்ளி' என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தூரம் தள்ளி என்பதை அந்த மண்மேட்டில் நின்று பார்த்தால்தான் சொல்ல முடியும், மனையின் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

விதி முன்கூட்டியே தெளிவாக இருந்தால் கட்டுகிறவர்களும் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்பதையும் அதே ஊரிலிருந்தே காட்டலாம். 2014இல் முடிந்த 225 மீட்டர் உயர லெடன்ஹால் கட்டடத்தின் ஒரு பக்கம் கீழிருந்து மேல்வரை சாய்வாக இருக்கிறது. ஃப்ளீட் தெரு வழியே வருகிறவருக்குச் செயின்ட் பால் கவிமாடத்தின் ஓரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தச் சாய்வு. ஊர் மக்கள் அதற்குச் சீஸ் துருவி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கே: நான் கட்டடப் பொறியியல் மாணவி. கண்ணுக்குத் தெரியும் உயரத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மண்ணுக்குக் கீழே நடப்பது பழைய கட்டடங்களைப் பாதிக்காதா?

ப: மிகவும் பாதிக்கும். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உயரக் கட்டடம் என்றால் பெரும்பாலும் தரைக்குக் கீழே மூன்று நான்கு தளங்கள் வாகன நிறுத்தத்துக்காகத் தோண்டப்படும். குழி காய்ந்திருக்க வேண்டும் என்பதற்காக நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைப்பார்கள். நீர் மட்டம் குழிக்குள் மட்டும் இறங்குவதில்லை, சுற்றுவட்டாரத்திலும் இறங்குகிறது. களிமண் நீரை இழந்தால் சுருங்கும். அதன்மேல் ஆழமில்லாத கல் அஸ்திவாரத்தில் நிற்கும் பழைய சுவர் ஒரு பக்கமாக அமரும். மரத்தூண்களை அடித்து அவற்றின்மேல் எழுப்பிய பழைய கட்டடங்களின் நிலை இன்னும் மோசம். நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை நூற்றாண்டுகளுக்குக் கெடாத மரம், நீர் இறங்கிக் காற்றுப் பட்டவுடன் மக்கத் தொடங்கிவிடும்.

இதனை முறையாகக் கையாள முடியும் என்பதற்கு மெக்சிகோ நகரத்தின் பழைய மையத்தில் 1956இல் திறக்கப்பட்ட லத்தீனோஅமெரிக்கானா கட்டடம் சான்று. அந்த நகரம் ஒரு பழைய ஏரியின் சேற்றுக்களிமண்ணில் அமர்ந்திருக்கிறது. அருகிலுள்ள நுண்கலை அரண்மனை கட்டப்படும்போதே மண்ணுக்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. அதனை அறிந்திருந்த பொறியாளர் லியோனார்டோ சீவர்ட், ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்திலுள்ள உறுதியான அடுக்குவரை 361 பைல்களை, அதாவது மண்ணுக்குள் ஆழமாகச் செல்லும் அஸ்திவாரத் தூண்களை, இறக்கினார். குழியிலிருந்து நீரை இறைத்தபோது, சுற்றியுள்ள மண்ணுக்குள் நீரைச் செலுத்திப் பக்கத்துக் கட்டடங்களின் அடிமண் சுருங்காமல் பார்த்துக்கொண்டார். 1957, 1985 ஆகிய ஆண்டுகளின் பெரும் நிலநடுக்கங்களையும் அந்தக் கட்டடம் தாங்கி நின்றது. பக்கத்து வீட்டின் மண்ணையும் தன் பொறுப்பாக அவர் எடுத்துக்கொண்டதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நீங்கள் களத்துக்குச் சென்றால் ஓர் எளிய வேலையைப் பார்ப்பீர்கள். தோண்டுவதற்கு முன்பே பழைய சுவரின் விரிசல்மேல் குறுக்காக ஒரு பட்டை ஜிப்சம் பூசி, ஈரம் காயுமுன் அதில் தேதியைக் கீறி வைப்பார்கள். சில வாரங்கள் கழித்து அந்தப் பட்டை மயிரிழை அளவுக்குப் பிளந்திருந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் அந்த ஜிப்சம் பட்டையை எந்த வீட்டுக்காரரும் தாமே படித்துக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. தோண்டத் தொடங்கிய பிறகு பூசிய பட்டைக்கு மதிப்பில்லை, ஏனென்றால் விரிசல் முன்பே இருந்ததா என்ற வழக்கு அங்கேதான் தொடங்கும்.

கே: மக்கள்தொகை பெருகுகிறது, நிலம் பெருகுவதில்லை. மேலே போவதைத் தவிர நகரங்களுக்கு வேறு வழி ஏது?

ப: இந்த வாதத்தை நான் அடிக்கடி கேட்கிறேன், பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது. 10,000 சதுர மீட்டர் மனையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவே, மனையின் கால் பங்கில், 16 மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினால் 40,000 சதுர மீட்டர் தளப்பரப்பு கிடைக்கும். அதே மனையின் ஓரங்களைச் சுற்றிக் கட்டி, நடுவில் முற்றம் விட்டு, மூன்றில் இரண்டு பங்கை நிரப்பினால் 6 மாடியிலேயே அதே 40,000 கிடைத்துவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லெஸ்லி மார்ட்டின், லயோனல் மார்ச் ஆகிய இருவரும் 1960களில் இந்தக் கணக்கை விரிவாகச் செய்து காட்டினார்கள். உயரமும் அடர்த்தியும் வேறு வேறு; தளப்பரப்புக் குறியீடு, அதாவது மொத்தத் தளப்பரப்புக்கும் மனையின் பரப்புக்கும் உள்ள விகிதம், ஒன்றாக இருந்தும் ஊரின் வடிவம் முற்றிலும் மாறலாம்.

பெரும்பாலும் ஆறேழு மாடிகளுக்கு மேற்படாத பாரிஸ் நகர எல்லைக்குள் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கிறார்கள். அங்கே 1973இல் 210 மீட்டர் உயர மோன்பார்னாஸ் கட்டடம் எழுந்தபோது மக்களின் மனக்கசப்பு அவ்வளவு பெரியதாக இருந்ததால், 1977இல் நகருக்குள் 37 மீட்டர் என்ற வரம்பு வந்தது. உயரக் கட்டடங்களுக்கு நகர எல்லைக்கு வெளியே லா டிஃபான்ஸ் என்னும் தனி வட்டாரம் 1958 முதலே உருவாகி வந்ததால், தொழில் வளர்ச்சியும் நின்றுவிடவில்லை. பின்னர் விதி தளர்ந்து 180 மீட்டர் உயர முக்கோணக் கட்டடம் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. 2023இல் நகரவை மீண்டும் 37 மீட்டருக்கே திரும்பியது.

ஒப்புக்கொள்ள வேண்டிய மறுபாதியையும் எழுதிவிடுகிறேன். ஜப்பானின் கியோத்தோ 2007இல் நகர மையத்தின் உச்ச வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தது. 38 இடங்களிலிருந்து தெரியும் காட்சிகளையும் பட்டியலிட்டுக் காத்தது. நான் மதிக்கும் முடிவு அது. ஆனால் அங்கே இளம் குடும்பங்கள் கட்டுப்படியாகும் வீடு கிடைக்காமல் பக்கத்து ஊர்களுக்குச் சென்றுகொண்டிருந்தன. 2023இல் பழைய மையத்தைத் தொடாமல், வேறு சில வட்டாரங்களில் மட்டும் நகர நிர்வாகம் வரம்பைத் தளர்த்தியது. பழைமையைக் காக்கிறோம் என்று சொல்லி வீடு கட்டுவதையே தடுத்தால், கடைசியில் காத்து வைத்த தெருவில் வாழ ஆளிருக்காது. மேலே போகலாம், ஆனால் எங்கே என்பதை ஊர் முடிவு செய்ய வேண்டும். அதுவும் நிலத்தின் விலை அந்த உயரத்தை எதிர்பார்த்து ஏறிவிடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கே: என் நிலத்தில் நான் கட்டக் கூடாது என்றால் அந்த இழப்பை யார் ஈடு செய்வார்கள்?

ப: நியாயமான கேள்வி. நியூயார்க்கில் இதற்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று விடை கண்டார்கள். 1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கிய அதிர்ச்சியில், 1965இல் அந்த நகரம் சின்னங்களைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. அடுத்து கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைமேல் ஐம்பது மாடிக்கு மேற்பட்ட அலுவலகக் கட்டடம் எழுப்ப அதன் உரிமையாளர்கள் விண்ணப்பித்தார்கள், அனுமதி கிடைக்கவில்லை. சொத்தைப் பறித்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கில், நகரத்தின் மறுப்பு செல்லும் என்று 1978இல் தீர்ப்பு வந்தது. நிலையத்தை நிலையமாக நடத்தி வருவாய் ஈட்ட முடிகிறது என்பதும், கட்ட முடியாமல் போன தளப்பரப்பை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்பதும் அதற்குக் காரணங்கள்.

அந்த மாற்றுரிமையை விற்கலாம். 2020இல் நிலையத்தின் பக்கத்திலேயே 427 மீட்டர் உயரத்துக்கு எழுந்து முடிந்த ஒன் வாண்டர்பில்ட் கட்டடம், அருகிலுள்ள மற்றொரு பழைய சின்னமான பௌரி சேமிப்பு வங்கிக் கட்டடத்தின் தளப்பரப்பு உரிமையையும் வாங்கித்தான் அவ்வளவு உயர்ந்தது. அதனால் மாற்றுரிமை கொடுக்கும்போது அது எந்த வட்டாரத்தில் சென்று இறங்கலாம் என்பதையும் விதி சொல்ல வேண்டும். பழைய சின்னத்தின் நிழலிலேயே இறங்க விட்டால், காத்த கட்டடம் பள்ளத்தில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

கே: பழைய முகப்பை மட்டும் நிறுத்தி வைத்து, பின்னால் கண்ணாடிக் கட்டடம் எழுப்புகிறார்களே, அது நல்ல சமரசம் இல்லையா?

ப: இல்லை. உள்ளே படிக்கட்டும் முற்றமும் கூடமும் போன பிறகு நிற்கும் முகப்பு ஒரு தோல்தான். அந்த அளவுக்குக்கூட இடம் தராமல், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் கட்டடக் கலைஞர் விக்டர் ஹோர்ட்டா வடிவமைத்த மக்கள் இல்லத்தை 1965இல் முழுவதுமாக இடித்து, அந்த இடத்தில் 26 மாடி அலுவலகத்தைக் கட்டினார்கள். திட்டமில்லாமல் பழைய ஊரைக் கெடுப்பதற்கு அந்த நகரத்தின் பெயரையே கட்டடக் கலைஞர்கள் சொல்லாக்கிவிட்டார்கள்.

கே: யுனெஸ்கோ பட்டியலிலிருந்து பெயரை நீக்கினால் ஒரு நகரத்துக்கு என்ன குறைந்துவிடப்போகிறது? எங்களைப் போன்ற சாதாரண மக்கள் இதில் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா?

ப: 2004இல் பட்டியலில் சேர்ந்த லிவர்பூல் துறைமுகம், கரையோரத்தில் பெரும் புதுக்கட்டடத் திட்டங்கள் வந்ததால் 2012இல் ஆபத்துப் பட்டியலுக்குப் போய், 2021இல் பெயரையே இழந்தது. ஊர் அழிந்துவிடவில்லை, மக்கள் அங்கேதான் வாழ்கிறார்கள். யுனெஸ்கோவால் ஒரு செங்கல்லைக்கூட நிறுத்த முடியாது; உள்ளூர்ச் சட்டமும் உள்ளூர் மக்களும் நிறுத்தினால்தான் உண்டு. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஸ்மோல்னி தேவாலயத்துக்கு எதிர்க்கரையில் 400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் திட்டமிட்ட கட்டடத்தை, பல ஆண்டுகள் நடந்த மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு 2010இல் அங்கிருந்து அகற்றினார்கள். அது கடலோரத்தில் லாக்தா பகுதிக்கு மாறி, 462 மீட்டருக்கு உயர்ந்தது. கட்டடமும் கிடைத்தது, பழைய மையமும் தப்பியது.

உங்கள் பகுதியில் இப்படி ஒரு திட்டம் வந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வெறும் எதிர்ப்போடு போகாதீர்கள். அங்கே காட்டப்படும் வண்ணப் படங்கள் பெரும்பாலும் பறவை பார்ப்பதுபோல் வானத்திலிருந்து வரைந்தவையாக இருக்கும். பழைய சின்னத்தின் வாசலில், தெருவில், ஆற்றங்கரையில் நிற்கும் மனிதரின் கண்மட்டத்திலிருந்து எடுத்த படங்களைக் கேளுங்கள். நிலத்தடி நீர் மட்டத்தின் பதிவு தோண்டுவதற்கு எத்தனை மாதங்களுக்கு முன்பிருந்து இருக்கிறது என்று கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் புதுக் கட்டடம் கட்ட விண்ணப்பிக்கிறவர், அது வரப்போகும் இடத்திலேயே அதன் மூலைகளையும் உயரத்தையும் காட்டும் கம்பங்களை நட வேண்டும். ஆட்சேபணைக் காலம் முடியும்வரை அவை அங்கேயே நிற்கும். அந்த வழியே தினமும் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் கம்பத்தின் நுனியை அண்ணாந்து பார்த்து, அதற்குப் பின்னால் எது மறையும் என்பதைத் தாங்களே தெரிந்துகொள்கிறார்கள். கம்பம் நட முடியாத உயரம் என்று சொன்னால், அதே உயரத்தில் ஒரு நாள் முழுவதும் பலூன் பறக்கவிடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேட்டதற்கான ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.