4294967297 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

பெரிய எண் எதைப் பார்த்தாலும் முதலில் அதன் அக்கம்பக்கத்தைப் பார்ப்பது என் வழக்கம். இதற்கு ஒன்று முந்தையது 4294967296, அதாவது 2³². ஆக, நீங்கள் கேட்டிருப்பது 2³² + 1.

3, 5, 17, 257, 65537 என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் 1 கூட்டினால் கிடைப்பவை இவை. ஐந்துமே பகா எண்கள். இந்த வரிசை முழுவதுமே பகா எண்கள்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார், ஆனால் நிறுவ முடியவில்லை. ஆறாவதாக வருவதுதான் உங்கள் எண். 1729-இல் கணித அறிஞர் கோல்ட்பாக் கடிதம் எழுதி, ஃபெர்மாவின் அந்த நம்பிக்கையைப் பற்றி இன்னொரு கணித அறிஞரான ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் ஆய்லர் சொன்ன விடை: 641 × 6700417. அப்போது அவருக்கு வயது 25.

641 எப்படி அகப்பட்டது? இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 தந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை வந்துவிடுகிறது! இந்த நிபந்தனை பிறப்பதே, அடுக்குகளைப் பகா எண்ணால் வகுத்தால் வரும் மீதியைப் பற்றிய ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்துதான். சாவி அவர் கையிலேயே இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

வகுத்துப் பார்க்காமலே இதை நிறுவ ஒரு வழி உண்டு. கல்லூரி நாட்களில் நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். 641 = 5 × 2⁷ + 1. எனவே 641-ஆல் வகுத்தால் 5 × 2⁷-இன் மீதி −1 (641-க்கு ஒன்று குறைவு என்பதால் அப்படி எழுதலாம்). அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 5⁴ + 2⁴. ஆகையால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ என்று போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வரும். அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபடும். நான்கே வரி. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்ட வேண்டும்.

இரண்டு குறைத்தால் வரும் 4294967295-ஐயும் விட்டுவிடாதீர்கள். அது 3 × 5 × 17 × 257 × 65537, மேலே பார்த்த அதே ஐந்து எண்களின் பெருக்கல்! அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று நமக்குத் தெரிந்த, பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையான ஒழுங்குப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள்.

ஆறாவது பகா எண் இந்த வரிசையில் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. 2-இன் 1048576-ஆம் அடுக்கோடு 1 கூட்டிய எண்ணும் இதில் வருகிறது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள். அது பகா எண் அல்ல என்று 1980களிலேயே நிறுவிவிட்டார்கள். அதன் காரணிகளில் ஒன்றைக்கூட இன்னும் எவரும் கண்டதில்லை.