தக்காளியைப் பச்சையாகச் சாப்பிடுவது நல்லதா, சமைத்துச் சாப்பிடுவது நல்லதா? விதையால் சிறுநீரகக் கல் வருமா?

பச்சையாகவும் வேண்டும், சமைத்தும் வேண்டும். இரண்டிலும் கிடைப்பது ஒரே சத்து அல்ல. விதையால் கல் வரும் என்பது வீண் பயம். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் தக்காளியில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். 100 கிராம் பழுத்த தக்காளி என்றால் நடுத்தரப் பழம் ஒன்று, ஒன்றரை. அதில் ஏறக்குறைய 95 கிராம் தண்ணீர்தான். 18 கலோரி, நார்ச்சத்து ஒரு கிராம் சொச்சம், வைட்டமின் சி சுமார் 14 மில்லிகிராம், பொட்டாசியம் சுமார் 240 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. கொய்யாவில் 100 கிராமுக்கு 200-க்கு மேல் இருக்கிறது. அதனால் வைட்டமின் சி-க்காகத் தக்காளியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் கொய்யா என்றைக்கோ ஒரு நாள் வாங்குவது. தக்காளி சட்னி, சாம்பார், ரசம், குழம்பு என்று தினமும் உள்ளே போகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தாலும் கணக்கில் வரும்.

தக்காளியை மற்ற காய்கறிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது லைகோபீன். பழத்துக்குச் சிவப்பு நிறம் தருவது அதுதான். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினுக்கு நெருங்கிய உறவு என்றாலும், உடலுக்குள் போய் வைட்டமின் ஏ-வாக மாறாது. செல்களைப் பாதிக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வேலையைத்தான் அதனிடம் எதிர்பார்க்கிறோம். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பழத்தின் செல் சுவருக்குள் இறுக்கமாகப் பூட்டிக் கிடக்கும்.

அடுப்பில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வெங்காயம் வதங்கியதும் நறுக்கிய தக்காளியைப் போடுகிறோம். முதல் இரண்டு நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டு சலசலவென்று கொதிக்கும். எண்ணெய்க்கு நிறம் இருக்காது. தண்ணீர் சுண்டச் சுண்டச் சதை குழைந்து, எட்டு பத்து நிமிடத்தில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வரும். மிளகாய்த்தூள் போடும் முன்பே அந்த எண்ணெய் ஆரஞ்சுச் சிவப்பாக இருப்பதைக் கவனியுங்கள். அதில் தெரிவது தக்காளியின் நிறம்தான். லைகோபீன் பழத்தை விட்டு எண்ணெய்க்கு வந்திருக்கிறது. ‘எண்ணெய் பிரியும் வரை வதக்கவும்’ என்று சமையல் குறிப்பில் எழுதுவது ருசிக்காக மட்டுமல்ல. மூன்று தக்காளிக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் எண்ணெய் தாராளம். எண்ணெய் பிரியும் முன்பே புளிக்கரைசலையோ தண்ணீரையோ ஊற்றினால் இந்த வேலை பாதியில் நின்றுவிடும்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2002-ல் தக்காளியை 88 டிகிரி செல்சியஸில் சூடாக்கி அளந்தார்கள். 15 நிமிடத்தில் பிரித்தெடுக்க முடிந்த லைகோபீன் சமைக்காத தக்காளியில் இருந்ததைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. அரை மணி நேரம் வைத்தும் அதற்கு மேல் கூடவில்லை. வைட்டமின் சி மட்டும் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஆகவே மணிக்கணக்கில் சுண்டவைப்பதில் லாபம் இல்லை.

ரசத்தில் கதை தலைகீழ். கையால் பிசைந்து, சாற்றை எடுத்துக்கொண்டு தோலையும் சக்கையையும் தூக்கிப் போடுவது பல வீடுகளில் வழக்கம். லைகோபீன் சதையைவிடத் தோலில்தான் பல மடங்கு செறிவு. ரசத்தில் கொதிக்கும்போது எண்ணெயும் இல்லை. பொட்டாசியமும் கொஞ்சம் வைட்டமின் சி-யும் கிடைக்கும், சிவப்புச் சத்து குப்பைக்குப் போகும். சக்கையைப் போடாமல் மிக்ஸியில் அரைத்துச் சேருங்கள், அல்லது பாதித் தக்காளியைத் தாளிப்பிலேயே வதக்கி ஊற்றுங்கள்.

சமைக்காத தக்காளிக்கு வேலை இரும்புச்சத்து விஷயத்தில். கீரை, பயறு, கேழ்வரகில் உள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சாது. அதே வேளையில் வைட்டமின் சி கூடப் போனால் உறிஞ்சுவது கூடும். பயறுச் சுண்டல், கேழ்வரகு அடையோடு ஒரு தக்காளியை நறுக்கி, வெங்காயம், உப்பு சேர்த்து அப்படியே சாப்பிடுங்கள். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பை வழித்துப் போடாதீர்கள். ருசிக்குக் காரணமான குளூட்டமேட் சதையைவிட அதில்தான் அதிகம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இந்தப் பலன் பெருமளவு போய்விடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

தக்காளி புற்றுநோயைத் தடுக்கும் என்று வரும் வாட்ஸப் செய்திகளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். ப்ராஸ்டேட் புற்றுநோய் பற்றி ஆராய்ச்சிகள் நிறைய நடந்தன. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005-ல் அவற்றைப் பரிசீலித்துவிட்டு, தக்காளிக்கு மிகக் குறைந்த ஆதாரமே உண்டு, லைகோபீன் மாத்திரைக்கு நம்பத்தக்க ஆதாரமே இல்லை என்றது. தக்காளி நல்ல உணவு, மருந்து அல்ல. மாத்திரைக்குக் கொடுக்கும் காசுக்குப் பழமே வாங்கலாம். கெச்சப்பிலும் லைகோபீன் உண்டுதான், ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை, உப்பும் அதிகம்.

வாங்கும்போது முழுவதும் சிவந்த பழமாகப் பாருங்கள். கோடையில் காம்பைச் சுற்றி மஞ்சளாகவே நிற்கும் பழங்கள் வரும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் செடியில் லைகோபீன் உருவாவது தடைபடும். அதனால்தான் அந்த மஞ்சள். செங்காயை ஃபிரிட்ஜில் வைத்தால் பழுப்பது நின்று, மணமும் போய்விடும். காம்புப் பக்கம் கீழாக வைத்து வெளியில் பழுக்க விடுங்கள். நன்றாகப் பழுத்ததை மட்டும் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்வதுபோல் ஃபிரிட்ஜில் வைக்கலாம். தக்காளித் தொக்கு, குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுவதும் வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

இனி கல். பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. தக்காளியில் ஆக்சலேட் 100 கிராமுக்குச் சில மில்லிகிராம்தான். பாலக் கீரையில் பல நூறு மில்லிகிராம். விதை குடலைத் தாண்டிச் சிறுநீரகத்துக்குப் போக வழியே கிடையாது. கல் வந்தவர்கள் தக்காளியை நிறுத்துவதைவிடத் தண்ணீரைக் கூட்டுவதும் உப்பைக் குறைப்பதும் முக்கியம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இரவில் தக்காளி ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அது அதன் புளிப்பால் வருவது, கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கவனம் தேவைப்படுவது நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு. அவர்கள் பார்க்க வேண்டியது தக்காளியில் உள்ள பொட்டாசியத்தை. டயாலிசிஸ் செய்பவர்கள், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற, ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை எடுப்பவர்கள், எவ்வளவு தக்காளி சேர்க்கலாம் என்று மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வார்கள். பொட்டாசியம் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதுதான் காரணம். நோயாளிக்கு இதமாக இருக்கட்டும் என்று வீட்டில் ஆசையாகக் கொடுக்கும் தெளிவு ரசமும் தக்காளி சூப்பும் கொட்டச் சொன்ன அதே தண்ணீர்தான்.