வாசல்வரை வந்த சளி மாத்திரை

அன்புள்ள ஐயா,

கொரோனாவுக்கு இரண்டே வருடத்தில் மாத்திரை வந்துவிட்டது. ஜலதோஷத்துக்கு மட்டும் இன்னும் ஆவி பிடி, கஷாயம் குடி என்றுதான் இருக்கிறோம். அந்த வைரஸுக்கு மருந்தே கண்டுபிடிக்க முடியாதா, இல்லை யாருக்கும் அக்கறை கிடையாதா?

மா., திருச்சி

அன்புள்ள மா.,

கண்டுபிடித்தார்கள். வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று.

பெயர் ப்ளெகோனாரில். ஜலதோஷத்தை அதிகம் கொண்டுவருவது ரைனோவைரஸ். அதில் மட்டும் 160-க்கு மேல் வகைகள், தடுப்பூசிக்குப் பிடி கொடுக்காது. ஆனால் பெரும்பாலான வகைகளின் புரத ஓட்டில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. ப்ளெகோனாரில் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடு இறுகிவிடும். மூடி சிக்கிக்கொண்ட எவர்சில்வர் டப்பா மாதிரி, உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ., அதாவது வைரஸ் பெருகத் தேவையான மரபுப்பொருள், வெளியே வர முடியாது.

இரண்டாயிரம் பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். தினம் மூன்று வேளை, ஐந்து நாள். 7.3 நாள் அவஸ்தை 6.3 நாளானது. ஒரு நாள்தானா என்று தோன்றும். மூக்கடைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும் ராத்திரியில் என்னைக் கேட்டிருந்தால், அந்த ஒரு நாளைக் கடன் வாங்கியாவது வாங்கியிருப்பேன்.

சிக்கல் கல்லீரலில் வந்தது. மற்ற மருந்துகளைச் சிதைக்கும் ஒரு என்சைமை இந்த மாத்திரை முடுக்கிவிட்டது. கருத்தடை மாத்திரையின் பலன் குறைந்தது. சோதனையில் இருந்த பெண்களில் இருவர் கருத்தரித்தார்கள். 2002 மார்ச்சில், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 15-க்கு 0 என்று வேண்டாம் சொல்லிவிட்டது.

சரி, நீங்கள் சொல்லும் கொரோனா மாத்திரை? பாக்ஸ்லோவிட்டில் உள்ள துணை மருந்தும் அதே என்சைமில்தான் கை வைக்கிறது. அது முடுக்கியது, இது முடக்குகிறது. கூடச் சாப்பிடக் கூடாத மருந்துகளின் பட்டியல் நீளம், கருத்தடை மாத்திரை பற்றிய எச்சரிக்கையும் அதில் உண்டு. ஆனாலும் 2021 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. உயிருக்கு ஆபத்து இருந்தவர்களுக்கு என்பதால் பொறுத்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் தானாகப் போகிற சளிக்கு அந்தச் சலுகை கிடையாது.

ப்ளெகோனாரிலுக்கும் முன்னால், வைரஸை எதிர்க்க உடலே சுரக்கும் புரதமான இன்டர்ஃபெரானை மூக்கில் தெளித்துப் பார்த்தார்கள். சளி வருவது குறைந்தது. ஆனால் தொடர்ந்து போட்டவர்களுக்கு மூக்கடைப்பு, ரத்தக் கசிவு. மருந்தே சளி மாதிரி ஆகிவிட்டது!

ஆவி பிடிப்பதானால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துப் பிடியுங்கள்.