கோல்டு ஃபிஷ் வாய் பிளக்கிறது, செவுள் நோயா?
மூன்று கோல்டு ஃபிஷும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, ஒன்றின் செவுள் காபி நிறமாகிவிட்டது, போன வாரம் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன் என்கிறீர்கள். விஷயம் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரைட் என்ற நச்சை மாற்றுவது ஸ்பாஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாதான்; குழாய்த் தண்ணீரின் குளோரினில் அது செத்து நைட்ரைட் ஏறியிருக்கும். அது ரத்தத்தில் கலந்தால் செவுள் பழுப்பாகும், ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாது. செவுள் புழு என்றால் மீன் கல்லில் உரசும், சில சமயம் ஒரு பக்கச் செவுளை மூடியே வைத்திருக்கும். எதற்கும் டெஸ்ட் கிட்டில் நைட்ரைட் பார்த்துவிடுங்கள். இன்றே பாதித் தண்ணீரை மாற்றி (குளோரின் நீக்கியோடு), லிட்டருக்கு 1 கிராம் அயோடின் இல்லாத கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள், உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டைச் செவுள் வழியே உள்ளே விடாமல் தடுக்கும். ஏர் பம்ப் ஓடட்டும், இரண்டு நாள் தீனி வேண்டாம். நானும் இப்படிக் கழுவி இரண்டு மீனை இழந்தவன்தான், இப்போதெல்லாம் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழிகிறேன்.