பாஸ்தா உண்மையில் ஏழைகளின் சாப்பாடா? இத்தாலியில் அதை எப்படிப் பார்க்கிறார்கள்?

கஃபேயில் ஒரு தட்டுப் பாஸ்தாவுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, "இதைப் போய் ஏழைகளின் சாப்பாடு என்கிறார்களே, நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நிஜம்தான். ஆனால் எல்லாக் காலத்திலும் இல்லை. படிப்புக்காகத் தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் தங்கியிருந்தபோது பார்த்ததையும் பிறகு தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில், பாஸ்தாவைச் சீனாவிலிருந்து கொண்டுவந்தது வெனிஸ் பயணி மார்க்கோ போலோதான் என்ற கதையை வழியனுப்பிவிடலாம். அவர் சீனாவிலிருந்து வெனிஸ் திரும்பியது 1295-ல். 1279-லேயே ஜெனோவாவில் இறந்துபோன ஒரு சிப்பாயின் உடைமைப் பட்டியலில் 'ஒரு கூடை மக்கரோனி' பதிவாகியிருக்கிறது. சொத்துக் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு அன்று அதற்கு மதிப்பு. அதற்கும் முன்னால், 1154-ல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜருக்காகப் புவியியல் நூல் எழுதிய அல் இத்ரீசி, பலெர்மோ பக்கத்தில் திராபியா என்ற ஊரில் மாவு இழைகளை ஏராளமாகச் செய்து கப்பலில் வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள் என்று குறித்துவைத்திருக்கிறார். மார்க்கோ போலோ கதையை ஊரெல்லாம் பரப்பியதில், 1929-ல் அதை வெளியிட்ட அமெரிக்க மக்கரோனி உற்பத்தியாளர் சங்கப் பத்திரிகைக்குப் பெரிய பங்கு உண்டு. விளம்பரம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது!

அப்புறம் நேப்பிள்ஸ். ஒரு காலத்தில் அந்த ஊர்க்காரர்களை மற்றவர்கள் 'இலை தின்னிகள்' என்றுதான் கேலி செய்தார்கள். முட்டைக்கோஸும் கீரையும் கொஞ்சம் இறைச்சியும்தான் அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு. பாஸ்தா அப்போது ஆடம்பரம். 1509-ல் மாவு விலை ஏறும்போது மக்கரோனி செய்யக் கூடாது என்று அங்கே தடையே போட்டார்கள். 1600-களில் நிலைமை தலைகீழானது. நகரத்தில் ஜனம் பெருகியது, இறைச்சி கட்டுப்படியாகவில்லை. மாவு பிசையவும் பிழியவும் இயந்திரங்கள் வந்ததால் பாஸ்தா மலிந்தது. 'மக்கரோனி தின்னிகள்' என்ற பட்டம் அதுவரை சிசிலிக்காரர்களுக்கு இருந்தது. இப்போது நேப்பிள்ஸுக்கு வந்து சேர்ந்தது.

தெருவில் பெரிய கொப்பரையில் வேகவைத்து, மேலே துருவிய சீஸைத் தூவிக் கொடுப்பார்கள். தக்காளியெல்லாம் கிடையாது. பாஸ்தாவையும் தக்காளியையும் சேர்த்துச் செய்யும் குறிப்பு கவல்காந்தி என்ற நேப்பிள்ஸ்காரரின் சமையல் புத்தகத்தில் வருவது 1839-ல். வாங்கியவர் தலையை அண்ணாந்து, கையாலேயே இழைகளைத் தூக்கி வாயில் இறக்குவார். 1787-ல் அங்கே போன ஜெர்மன் கவிஞர் கெதே, எங்கே பார்த்தாலும் கொஞ்சம் காசுக்கு இது கிடைக்கிறது என்று எழுதினார். அடுத்த நூற்றாண்டில் இது வேடிக்கைப் பொருளே ஆகிவிட்டது. வெளிநாட்டுப் பயணிகள் சில்லறை கொடுத்து ஏழைகளைச் சாப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள். அந்தக் காட்சியைப் படம் எடுத்து அஞ்சலட்டையாகவும் விற்றார்கள். பசித்தவன் சாப்பிடுவதில் வேடிக்கை பார்க்க என்ன இருக்கிறதோ, எனக்குப் புரியவில்லை.

எதிர்ப்பும் இருந்தது. 1930-ல் கவிஞர் மரினெத்தி பாஸ்தாவையே ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார். அது மனிதரை மந்தமாக்குகிறது, சோம்பேறியாக்குகிறது என்பது அவர் வாதம். அவரே ஸ்பகெட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் புகைப்படம் ஒன்று வெளியானதும் ஊரே சிரித்தது.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் வீட்டுச் சமையலில்தான் இருக்கிறது. நான் தங்கியிருந்த வீட்டில் வீட்டுக்காரம்மா ஒரு தகர டப்பா வைத்திருந்தார். எந்தப் பாக்கெட் தீர்ந்தாலும் அடியில் மிஞ்சும் துண்டு துணுக்குகள் அந்த டப்பாவுக்குப் போகும். ஸ்பகெட்டி ஒடிசல், குழல், சங்கு, எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் காலத்தில் மளிகைக்கடை இழுப்பறைகளின் அடியில் தங்கிய உடைசலைத்தான் இப்படிக் கலந்து மலிவாக ஏழைகளுக்கு விற்பார்களாம். டப்பா நிறைந்தால் அன்றைக்கு உருளைக்கிழங்குப் பாஸ்தா. வெங்காயம், செலரி, கொஞ்சம் பன்றிக்கொழுப்பு வதங்கியதும் உருளைக்கிழங்கு, இரண்டு தக்காளி, தண்ணீர், கூடவே சாப்பிட முடியாமல் மிஞ்சிய சீஸின் காய்ந்த தோல். பாஸ்தா அதே பானையிலேயே வேகும். தண்ணீர் வடிக்கிற பேச்சே இல்லை. கரண்டியை நட்டால் நிற்க வேண்டும், அதுதான் பதம். மாவுக்கு மேல் மாவா என்று முகம் சுளிக்கிறவர்கள், பூரியும் உருளைக்கிழங்கு மசாலாவும் சாப்பிடுவதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இன்றைக்கு அந்தக் கலவைப் பாஸ்தாவைத் தொழிற்சாலைகளே வேண்டுமென்று தயாரித்து அழகான பாக்கெட்டில் விற்கின்றன. வீட்டுக்காரம்மா கடையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் விலையைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

இதைவிடக் கசப்பானது கருகிய கோதுமையின் கதை. தெற்கே புலியா பகுதியில் பெரிய பண்ணைகளில் அறுவடை முடிந்ததும் தாளடியைக் கொளுத்துவார்கள். நெருப்பு அணைந்த பிறகு கூலிக்காரக் குடும்பங்கள் கருகிக் கிடக்கும் மணிகளைப் பொறுக்கி, அரைத்து, கொஞ்சம் நல்ல மாவோடு கலந்து பாஸ்தா செய்யும். சாம்பல் நிறம், புகை வாசனை. தட்டைப் பார்த்தாலே வீட்டின் நிலைமை தெரிந்துவிடும். இப்போது நல்ல கோதுமையையே வறுத்து அந்த நிறத்தைக் கொண்டுவந்து, உணவகங்களில் கூடுதல் விலைக்குப் பரிமாறுகிறார்கள். நானும் சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்காரம்மாவின் கணவர் அந்தப் பக்கத்துக்காரர், கூலி வீட்டில் பிறந்தவர். நான் வாங்கி வந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கம்மா இதை அடுத்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் சமைப்பாள்" என்றார். அவருக்கு மட்டும் அன்று சாதாரணப் பாஸ்தா வேகவைத்தார்கள்.

'எளியவர்களின் சமையல்' என்று இப்போது கொண்டாடுகிறவர்களில் பெரும்பாலோர் அதை வேறு வழியில்லாமல் சாப்பிட்டவர்கள் இல்லை. வேறு வழியில்லாமல் சாப்பிட்டவர்களுக்குக் கை நிறையக் காசு வந்ததும் முதலில் தேடியது இறைச்சியைத்தான். அமெரிக்காவுக்குக் குடிபோன இத்தாலியர்களையே பாருங்கள். அங்கே இறைச்சி மலிவு, அதனால் ஸ்பகெட்டியின் மேல் பெரிய பெரிய இறைச்சி உருண்டைகள் ஏறின. இத்தாலியில் இருப்பவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

பாரம்பரியம் பாரம்பரியம் என்று சண்டை போடும் கார்பொனாராவுக்கு, அதாவது முட்டையும் சீஸும் பன்றியிறைச்சியும் சேர்ந்த ரோம் நகரப் பாஸ்தாவுக்கு, அவ்வளவு வயதும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் அந்தப் பெயரில் அச்சான செய்முறை கிடைத்ததில்லை. 1954-ல் ஓர் இத்தாலியப் பத்திரிகையில் வந்த குறிப்பில் பூண்டும் சுவிட்சர்லாந்துச் சீஸும் இருந்தன. இன்றைக்கு அப்படிச் செய்தால் ரோமில் அடிக்க வருவார்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஆசையிருந்தால் சிசிலிக்காரர்களின் ரொட்டித்தூள் பாஸ்தாவைச் செய்யுங்கள். சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் கண்டுபிடித்தது. ஒருவருக்கு 100 கிராம் ஸ்பகெட்டி. பழைய ரொட்டியை உதிர்த்து ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தனியே வையுங்கள். அதே சட்டியில் பூண்டு, உப்பில் ஊறிய நெத்திலி. அது கிடைக்காவிட்டால் நெத்திலிக் கருவாட்டைக் கழுவிச் சுத்தம் செய்து போடலாம். அதைப்போல எண்ணெயில் கரையாது, ஆனால் வாசனை குறையாது. வெந்த பாஸ்தாவையும் அதன் தண்ணீரில் ஒரு கரண்டியையும் சேர்த்துப் புரட்டி, ரொட்டித்தூளைக் கடைசியில் தூவுங்கள். முன்னாலேயே தூவினால் நமுத்துப்போகும்.